கம்பம் பிரிவில் இரண்டாவது கேள்வி

என் முட்டி இரண்டும் குமுளி மலைக்கே போய்விட்டன. கிளட்சை மிதித்து இடது முட்டி போனது, பிரேக்கை மிதித்து வலது முட்டி போனது. காலை நீட்டினால் மடக்குவதற்குள் பொழுது போய்விடுகிறது. இந்த லட்சணத்தில், வாடகை வண்டி ஓட்டுகிறவர்கள் நாலைந்து பேர் வந்து சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஒரு மாதமாக நச்சரிக்கிறார்கள். "பெரியவரே, அந்தக் காலத்துல நாள் முழுக்கச் சுத்துற ட்ரிப்புல என்னென்ன பாயிண்ட் காட்டுனீக?" என்று கேட்கிறார்கள். பாயிண்ட் என்று அப்போது எதுவும் கிடையாது. மலை இருந்தது, தண்ணீர் இருந்தது. வண்டி சூடானால் நிறுத்துவோம். நிறுத்திய இடத்தில் இருந்து என்ன தெரிந்ததோ அதுதான் காட்சி.

எழுத மனமில்லாமல்தான் இருந்தேன். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேன் பிடித்துப் போய் வந்தார்கள். காலையில் சுருளியில் அப்பாவுக்குத் திதி கொடுத்திருக்கிறார்கள். ஈரத் துணி காய்வதற்குள் மேலே ஏறி ஏரியில் படகு விட்டிருக்கிறார்கள். "எல்லாம் ஒரே வாடகைல முடிஞ்சிருச்சுங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். நான் குறை சொல்லவில்லை. காலம் அப்படி. ஆனால் அதைக் கேட்டதில் இருந்து பழைய வண்டி ஒன்று என் மனசுக்குள் கரி போட்டுப் புகைய ஆரம்பித்துவிட்டது. எழுதினால்தான் அணையும் போலிருக்கிறது.

நான் வண்டி கற்ற கதை பெரிதாக ஒன்றுமில்லை. பஸ்ஸில் கிளீனராக ஏறி, திட்டு வாங்கி, அடி வாங்கி, ஒரு நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் முதலாளி சொல்லிக் கொடுத்தது. அவர் உத்தமபாளையத்து ராவுத்தர். தேனியில் ஷெட் போட்டு, மேல் துணி மடக்குகிற பெரிய கார் ஒன்றை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அதிகம் பேச மாட்டார். வண்டி புறப்படுமுன் கைத்தடியால் ஒவ்வொரு டயரையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டு மோந்து பார்ப்பார். சாராய வாடை அடிக்கிறதா என்று சோதனை. நான் தொட்டதே இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் என்னை வேலையில் வைத்திருந்த காலம் முழுவதும் மோந்தார்.

வாடகை பேச வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "காட்சிக்கா, காரியத்துக்கா?"

காட்சி என்றால் ஊர் சுற்றிப் பார்ப்பது. விடியுமுன் புறப்பட்டு, வீரபாண்டியில் கும்பிட்டு, சின்னமனூரில் இட்லி தின்று, கம்பம், கூடலூர் வழியாக மலையேறி, ஏரியைப் பார்த்து, இறங்கும்போது கடைசியாகச் சுருளியில் குளித்து வீடு திரும்ப வேண்டும். காரியம் என்றால் செத்தவர்களுக்குச் செய்கிற சடங்கு. அதற்கு நேரே சுருளி, சுருளியில் இருந்து நேரே வீடு. வழியில் கோயில் கிடையாது, ஒருத்தர் வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது. காட்சிக்குப் போகிற நாளில் வண்டியின் முன்விளக்கில் ஒரு முழம் மல்லிகைப்பூ கட்டி, மூன்று தடவை ஹாரன் அடித்துப் புறப்படுவேன். காரியத்துக்குப் போகிற நாளில் பூவும் இல்லை, ஹாரனும் இல்லை. இந்தப் பூ விவரம் தேனி வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும்.

சாவுச் சடங்கு விஷயத்தில் ஒரு ராவுத்தருக்கு ஏன் இத்தனை கண்டிப்பு என்று கேட்கலாம். கல்யாண மாப்பிள்ளையை ஏற்றுவதும் அதே வண்டிதானே. ஒரு தடவை ஒரு குடும்பம் தாத்தாவுக்குத் திதி கொடுத்துவிட்டு, பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று அப்படியே ஏரிக்குப் போனது. திரும்பி வந்ததும் வீட்டுப் பெரியம்மாள் காய்ச்சலில் படுத்துக்கொண்டார். பழி வண்டிமேல் வந்தது. அந்த முகூர்த்த சீசன் முழுக்க ஒரு மாப்பிள்ளைகூட எங்கள் வண்டியில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு முதலாளி இரண்டாவது கேள்வியைக் கொண்டுவந்தார். கம்பத்தில் சுருளிக்குப் பாதை பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டு, வண்டியில் இருக்கிற எல்லார் காதிலும் விழுகிற மாதிரி அதே கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். "ஷெட்டுல வந்து பேசுறவன் ஒரு ஆளு. வண்டியில வாரவுக பல பேரு. அவன் பேசுனது அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு இல்லலே" என்பார். எனக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது. சம்பளம் கொடுக்கிறவர் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குப் பஞ்சமானதும் வண்டி கரிவண்டி ஆனது. பின்னால் ஒரு இரும்பு அடுப்பைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரி போட்டு மூட்டி, விசிறியைக் கையால் சுற்றிச் சுற்றி, வருகிற வாயுவைக் குழாய் வாயில் தீக்குச்சி கிழித்துப் பார்க்க வேண்டும். நீலமாகப் பிடித்தால்தான் என்ஜினுக்கு விடலாம். தரையில் எப்படியோ ஓடும். மலையில் மூச்சு முட்டிவிடும். மேட்டில் ஆட்கள் இறங்கி நடக்க வேண்டும். ஒருவர் பின்னாலேயே மரக்கட்டையோடு வந்து, வண்டி நின்றதும் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வேண்டும். காசு கொடுத்து வண்டி பேசி, வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தவர்களை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

அந்த நாட்களில்தான் பழனிசெட்டிபட்டியில் இருந்து ஒரு பெரியவர் வந்து காட்சிக்கு வண்டி பேசினார். சொந்தமாக வயல் வைத்து விவசாயம் செய்கிறவர். சித்திரை மாதம். அமாவாசைகூட இல்லை, அதனால் முதலாளிக்குச் சந்தேகம் வரவில்லை. பூக் கட்டினேன். பெரியவரும் அவர் மருமகளும் மட்டும் ஏறினார்கள். மருமகள் பெயர் செல்லத்தாய். இருபது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. மடியில் கட்டுச்சோறு. காதில் கழுத்தில் எல்லாம் இருந்தது, தலையில் மட்டும் பூ இல்லை. ஹாரன் அடித்தபோது சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தது.

போகிற வழியில் அந்தப் பெண்ணே பேச்சுக் கொடுத்தது. புருஷன் பினாங்குத் தீவில் ஒரு துணிக்கடையில் வேலையாம். கல்யாணத்துக்கு வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனவன். ஜப்பான்காரன் தீவைப் பிடித்த பிறகு ஒரு தகவலும் இல்லை.

"அங்கன ஒரு நாள் முழுக்க வண்டி வச்சு என்னையச் சுத்திக் காட்டுறேன்னாக அண்ணே. காலையில கடக்கர, மத்தியானம் தென்னந்தோப்புக்குள்ள சோறு, சாயங்காலம் மலை உச்சியில ஏறிப் பாத்தா தீவு முழுக்கத் தெரியுமாம். கடலுக்கு நடுவுல மலையாம், நம்பவா முடியுது?"

பெரியவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சின்னமனூரில் இட்லி வேண்டாம் என்றார். உத்தமபாளையத்தில் காப்பியும் வேண்டாம் என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு காட்சி பார்க்க யாரும் போவதில்லை.

கம்பம் பிரிவு வந்தது. நிறுத்தித் தண்ணீர் ஊற்றினேன். வழக்கப்படி கேட்டேன். "காட்சிக்கா, காரியத்துக்கா?"

"என்னண்ணே இப்பப் போயிக் கேக்குறீக? காட்சிக்குத்தான்" என்றது செல்லத்தாய்.

பெரியவர் இறங்கி, வண்டிக்கு முன்னால் வந்து என் தோளைத் தொட்டார். "ஏப்பா, அந்தப் பூவ எடுத்துரு" என்றார் மெதுவாக.

"காட்சிக்கின்னுதான பேசுனீக?"

"அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தெரிஞ்சா வண்டியேறாது. சுருளியில அவ அண்ணன் கோடிச் சேலையோட காத்துக்கிட்டிருக்கான். ஐயரு உச்சிக்கு முன்னாடி முடிக்கணும்னு சொல்லியிருக்காரு. கட இருந்த தெருவுல குண்டு போட்டு ஒருத்தரும் மிஞ்சலன்னு கப்பல்ல வந்தவுக சொல்லிட்டாக. எம் மகன் வரமாட்டான்ப்பா. எங்கள்ல தாலி அறுத்த பிள்ளைக்கு மறுபடி கட்டி வைக்கிற வழக்கம் உண்டு. அவ அண்ணன் நல்ல எடமாப் பாத்து வச்சிருக்கான். இல்லாத ஒருத்தனுக்காக இது எத்தன காலத்துக்கு ஒத்தையில கெடக்கும்?"

கொடுமைக்காரர் இல்லை அவர். பெற்ற பிள்ளைக்குச் சடங்கு செய்யவும், அந்தப் பிள்ளையின் பெண்டாட்டியை இன்னொருத்தனுக்குக் கொடுக்கவும் துணிந்து வந்திருந்தார். எனக்கு அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. குனிந்து பூவின் முடிச்சை அவிழ்த்தேன்.

"பூவ ஏண்ணே எடுக்குறீக?"

நிமிர்ந்தால் செல்லத்தாய் எனக்குப் பக்கத்தில் நிற்கிறது. நான் பெரியவரைப் பார்த்தேன். பெரியவர் தரையைப் பார்த்தார். அது எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தது, சுருளிக்குப் போகிற பாதையைப் பார்த்தது. அதற்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அண்ணே, அத இங்கன குடுங்க."

கொடுத்தேன். தேனியில் இருந்து வந்த தூசியெல்லாம் அதில் படிந்திருந்தது. உதறக்கூட இல்லை, அப்படியே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டது.

"மாமா, காட்சிக்கின்னு சொல்லித்தான கூட்டியாந்தீக. காட்டுங்க" என்றது. குரலை உயர்த்தவில்லை. "அவுக செத்துப் போனாகன்னு யாரு கண்ணால பாத்தா?"

"யாரும் பாக்கலத்தா."

"பாத்தவுக யாராச்சும் வந்து சொல்லட்டும். சொன்ன அன்னிக்கு நானே சுருளிக்கு வாரேன். நீங்க பொய் சொல்லிக் கூட்டியார வேணாம்."

பெரியவர் மைல்கல்லின் மேல் உட்கார்ந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். பின்னால் போய்க் கரி அடுப்பைக் கிளறினேன். கிளற அதில் ஒன்றும் இல்லை. சும்மா நிற்க முடியாமல் கிளறினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சுருளிப் பாதையில் இரண்டு மாட்டு வண்டிகள் போய்விட்டன. கடைசியில் பெரியவர் எழுந்து வந்து பின் சீட்டில் உட்கார்ந்தார்.

"மேல போப்பா" என்றார்.

அன்றைக்கு மலையேறினது போல் நான் எப்போதும் ஏறியதில்லை. வண்டி இருமியது, புகைந்தது, வளைவுக்கு வளைவு நின்றது. செல்லத்தாய் முன்னால் நடந்தது. பெரியவர் வண்டிக்குப் பின்னால் கட்டையைச் சுமந்துகொண்டு, வயிற்றில் ஒன்றுமில்லாமல் நடந்தார். வண்டி நின்றபோதெல்லாம் அண்டை வைத்தார். என்னை வையக்கூட இல்லை. வைதிருந்தால் எனக்குச் சற்று இதமாக இருந்திருக்கும்.

பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிற வளைவு ஒன்று உண்டு. வண்டிகள் ஆறுவதற்காக அங்கேதான் நிறுத்துவோம். கீழே கூடலூர், கம்பம், அந்தப் பக்கம் கோம்பை வரைக்கும் வயலும் தோப்புமாகப் பச்சை. செல்லத்தாய் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தது.

"இம்புட்டு எடத்துலயா நாம இருக்கோம்? ஒரு தெருவுக்குள்ளயே கெடந்துட்டேன் அண்ணே" என்றது.

குமுளியைத் தாண்டித் திருவிதாங்கூர்ச் சுங்கச் சௌக்கியில் நிறுத்தி, வண்டியைச் சோதனைக்குக் காட்டிவிட்டு ஏரிக்குப் போனோம். ஏரியில் ஒரு மலையாளத்துக்காரர் வள்ளம் வைத்திருந்தார். கோடையானதால் தண்ணீர் வற்றி, முழுகின காட்டின் மொட்டை மரங்கள் கறுப்பாக நின்றன. நடுவில் ஒரு மேடு தீவாகத் தெரிந்தது. அவர் அதைத் துருத்து என்பார். கரையெல்லாம் சிவப்பு மண். அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டார். காட்சிக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் காட்டுகிற கடைசி அதிசயம் அதுதான்.

செல்லத்தாய் மண் கரையில் கால் நனைய நின்றது. "கடல்னா இதவிடப் பெருசா இருக்குமா அண்ணே?" என்றது.

நான் மட்டும் கடலைக் கண்டேனா. "பெருசாத்தான் இருக்கும்" என்றேன்.

"தீவுன்னா இதுதான். அவுக கூட்டிப் போயிக் காட்டுறப்ப நான் முன்னமே பாத்துட்டேன்னு சொல்லுவேன்."

பெரியவர் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிப் பார்த்தார். "இதான நம்ம வயலுக்கு வாரது?" என்று என்னைக் கேட்டார். மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக இதுதான் வருகிறது என்றேன். "இத்தன வருசம் குடிச்சிருக்கேன். எங்கன இருந்து வருதுன்னு வந்து பாத்ததில்ல" என்றார். அப்படியே முகத்தைக் கழுவினார். கழுவினாரா அழுதாரா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

செல்லத்தாய் மரத்து நிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்தது. இலையில் புளிச்சோற்றை வைத்து அவர் முன்னால் தள்ளியது. காரியம் செய்யப் போகிறவர் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்க வேண்டும். அவர் கொஞ்ச நேரம் இலையைப் பார்த்தார். மலையைத் தாண்டிச் சுருளி இருக்கிற திசையைப் பார்த்தார். சூரியன் உச்சிக்கு வந்திருந்தது. பிறகு பிசைந்து தின்ன ஆரம்பித்தார். "இன்னங் கொஞ்சம் வையித்தா" என்று கேட்டு வாங்கித் தின்றார்.

மறுநாள் அந்தப் பெண்ணின் அண்ணன் ஷெட்டுக்கு வந்து குதித்தான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது. கோடிச் சேலையை வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை நின்றவன். "ஒங்க டிரைவராலதான் எந்தங்கச்சி பொழப்பு நாசமாப் போச்சு" என்றான். முதலாளி டயரைத் தட்டிக்கொண்டே "ஒங்க மாமன் காட்சிக்கின்னுதான் பேசுனாக. வண்டி காட்சிக்குப் போச்சு" என்றார். அவன் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டாவது தடவ கேட்டியாலே?"

"கேட்டேன் மொதலாளி."

"யாரு பதில் சொன்னா?"

"அந்தப் பிள்ளதான்."

"சரி, போ" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு தேனிச் சந்தையில் செல்லத்தாயை அடிக்கடி பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெலிந்திருக்கும். அண்ணன் பார்த்து வைத்த மாப்பிள்ளைக்கு வேறு பெண் அமைந்து, குழந்தையும் பிறந்துவிட்டது. பெரியவரோடு வயல் வேலை செய்துகொண்டு இது இருந்தது. யுத்தம் முடிந்து அக்கரைச் சீமையில் இருந்து ஆட்கள் திரும்பத் திரும்ப, எந்த ஊரில் யார் வந்திருந்தாலும் தேடிப் போய்க் கேட்கும் என்று சொன்னார்கள். அன்றைக்கு நான் கேட்காமல் சுருளிக்கு விட்டிருந்தால், நாலு நாள் அழுதாலும் இன்றைக்கு ஒரு வீட்டில் பிள்ளையும் குட்டியுமாக இருந்திருக்குமே என்று தோன்றும். சந்தையில் அது எதிரே வந்தால் சில நாள் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

முதலாளி காலமாகி, நாடு சுதந்திரமாகி, வண்டி மறுபடி பெட்ரோலுக்கு மாறிய பிறகு, ஒரு நாள் செல்லத்தாயே ஷெட்டுக்கு வந்தது. வாடகை பேச ஆண்கள்தான் வருவார்கள். இது தனியாக வந்து நின்றது. கழுத்தில் தாலி இருந்தது. நெற்றியில் பொட்டு இருந்தது.

நான் கேட்பதற்கு முன்னாலேயே, "காரியத்துக்குண்ணே" என்றது. "கூட வேல பாத்தவுக ஒருத்தரு வந்து சொல்லிட்டாக. கிட்ட இருந்து பாத்தவுக."

விடியுமுன் வருகிறேன் என்றேன்.

"வாரப்ப பூக் கட்டிக் கொண்டாங்கண்ணே. கம்பம் வரைக்கும் இருக்கட்டும்" என்றது.

காரியத்துக்குப் பூக் கட்டுகிற வழக்கமில்லை. கட்டினேன். முதலாளி இருந்திருந்தால் தடியை எடுத்திருப்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் இருந்திருப்பார். பெரியவருக்குப் பார்வை மங்கிவிட்டிருந்தது. கைத்தாங்கலாக ஏற்றினோம். கம்பம் பிரிவில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினேன். மூடியைத் திருகிவிட்டுப் பேசாமல் சீட்டில் ஏறப் போனேன்.

"என்னண்ணே, கேக்க மாட்டீகளா?"

"தெரிஞ்சதுதானம்மா."

"கேளுங்க. மாமா காதுல விழட்டும்."

கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டேன். "காட்சிக்கா, காரியத்துக்கா?"

"காரியத்துக்குண்ணே" என்றது. பிறகு பெரியவரின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு சொன்னது. "மாமா, அவுகள ரயில் ரோடு போடச் சயாம் காட்டுக்குப் பிடிச்சுக்கிட்டுப் போனதே அந்த வருசம் கோடையிலதானாம். ஐப்பசியில காலராவுல போயிருக்காக. நீங்க கட்டையத் தூக்கிக்கிட்டு மல ஏறுனீகளே, அன்னிக்கு அவுக உசுரோட இருந்திருக்காக. நாம துருத்துல ஒக்காந்து சோறு திங்கிறப்ப உசுரோட இருந்திருக்காக."

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்தத் தெரியாதவர் போல ஆட்டிக்கொண்டே இருந்தார்.

செல்லத்தாய் இறங்கி வண்டிக்கு முன்னால் போனது. முடிச்சு இறுகியிருந்தது. நான் உதவப் போனேன், வேண்டாம் என்று கை காட்டியது. பல்லால் கடித்து அவிழ்த்துப் பூவை எடுத்து, மைல்கல்லின் மேல் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தது.

நான் ஹாரன் அடிக்காமல் வண்டியைச் சுருளிப் பக்கம் திருப்பினேன்.